ஆல்டோ சாக்ஸுக்கு மாற்றி எழுதும்போது ஷார்ப், பிளாட் சிக்கலாகாமல் இருக்க

கிட்டார்காரருக்கு ஈ மேஜர் கையோடு வரும், பாடுகிறவருக்கும் மூன்று கட்டை (அதே ஈ சுருதி) ஒத்துப்போனால் அதோடு முடிந்தது பேச்சு. ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சர்ச் திருவிழாவுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் வாசிக்கிற பேண்டுக்கு அதே பாட்டைத் தாளில் எழுதித் தர உட்கார்ந்தால் நிலைமை வேறு. இந்த வாத்தியங்கள் எழுதியதைவிடக் கீழே ஒலிப்பவை. அதனால் பி பிளாட் கிளாரினெட்டுக்கும் டிரம்பெட்டுக்கும் ஒலிப்பதைவிட ஒரு முழு டோன் மேலே எழுத வேண்டும், அதாவது கீ சிக்னேச்சரில் (வரியின் தொடக்கத்தில் போடும் ஷார்ப், பிளாட் தொகுப்பில்) இரண்டு ஷார்ப் கூடும். ஆல்டோ சாக்ஸுக்கு மேஜர் சிக்ஸ்த் (ஒன்பது அரை டோன்) மேலே, அதனால் மூன்று கூடும். ஈ மேஜரில் ஏற்கெனவே நான்கு இருக்கிறது, ஆக கிளாரினெட்டுக்கு ஆறு ஷார்ப், ஆல்டோவுக்கு ஏழு. நடந்துகொண்டே வாசிக்கிறவரிடம் ஏழு ஷார்ப்பைக் கொடுப்பது நியாயமே இல்லை. சி ஷார்ப் மேஜருக்குப் பதில் டி பிளாட் மேஜர் என்று எழுதுங்கள், ஒலி அதேதான், ஐந்து பிளாட்டோடு முடிந்துவிடும். இசைத் தாள் எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோரில் அந்த வாத்தியத்தின் ஸ்டாஃப்/பார்ட் ப்ராப்பர்ட்டீஸுக்குள் ஷார்ப் வேண்டுமா பிளாட் வேண்டுமா என்று தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது, ஆட்டோ என்று இருந்தாலும் என்ன வந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உண்மையான சிக்கல் பாட்டுக்குள் தனியாக வரும் ஷார்ப், பிளாட்டில்தான். மெட்டு கல்யாணி ராகச் சாயலில் போகிறது என்று வைத்துக்கொள்வோம், ஈ ஷட்ஜமம் (ஸ) என்றால் பிரதி மத்திமம் (அந்த ராகத்தின் ம) ஏ ஷார்ப். அதையே பி பிளாட் என்று எழுதினாலும் கம்ப்யூட்டர் ஒரே மாதிரிதான் வாசித்துக் காட்டும், அதனால் தப்பு காதில் விழாது. ஆனால் ஆல்டோவின் டி பிளாட் தாளில் ஏ ஷார்ப் ஜி நேச்சுரலாக அழகாக வந்து உட்காரும், பி பிளாட்டோ கணக்குப்படி ஏ டபுள் பிளாட் (இரண்டு பிளாட் போட்ட ஏ) ஆகிவிடும், ஒலி அதே ஜிதான், படிக்கத்தான் கஷ்டம். மிடி கோப்பை (சுரங்களை எண்ணாக வைத்திருக்கும் கம்ப்யூட்டர் கோப்பு) இறக்கி வேலை செய்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் மிடிக்குத் தெரிந்தது எண் மட்டும்தான், 66 என்றால் அது எஃப் ஷார்ப்பா ஜி பிளாட்டா என்று அதில் எங்கும் எழுதியிருக்காது.

அதனால் முதலில் மியூஸ்ஸ்கோரில் கான்செர்ட் பிட்ச் பொத்தானை அழுத்தி, எல்லா வாத்தியமும் ஒலிக்கும் சுரத்திலேயே தெரியும்படி வைத்துக்கொண்டு, கீ சிக்னேச்சரைச் சரியாகப் போட்டு, ஒவ்வொரு ஷார்ப்பும் பிளாட்டும் சரியான பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். தவறானதைத் தேர்ந்தெடுத்து கீபோர்டில் ஜே அழுத்தினால் பெயர் மாறும். அப்புறம் பொத்தானை அணைத்து வாத்தியத் தாளைப் பாருங்கள், அங்கே மட்டும் ஒன்று உறுத்தினால் கண்ட்ரோலோடு ஜே, அது அந்தப் பார்வையை மட்டும் மாற்றும், மூலத்தைத் தொடாது. ரீஸ்பெல் பிட்சஸ் என்ற கட்டளை பெயர்களை மொத்தமாக மாற்றித் தரும்தான், ஆனால் அதற்கு ராகம் தெரியாது, முடிந்ததும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். வாத்தியத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தால் தனியாக டிரான்ஸ்போஸ் கட்டளை தர வேண்டாம், தந்தால் இரண்டு முறை மாறிவிடும்.

ஒரு பாரில் (இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே உள்ள பகுதியில்) போட்ட குறி அடுத்த பார் கோட்டோடு தீர்ந்துவிடும், அதுவும் அந்த ஸ்தாயிக்கு மட்டும்தான். ஜி நேச்சுரல் வந்த அடுத்த பாரிலேயே ஜி பிளாட் வந்தால், விதிப்படி தேவையில்லாவிட்டாலும் நினைவூட்டலாக ஒரு பிளாட்டைப் போட்டுவிடுங்கள், வாசிக்கிறவர் தயங்க மாட்டார். அச்செடுக்கும் முன் கான்செர்ட் பிட்ச் அணைந்திருக்கிறதா என்று மட்டும் இன்னொரு முறை பாருங்கள்.