சாதாரண தையல் மெஷின்லயே பேர் எம்ப்ராய்டரி

பேர் போடணும்னா கம்ப்யூட்டர் மெஷின் வேணும்னு நெனச்சுட்டே இருக்காதீங்க, ஜிக்ஜாக் (ஊசி இடமும் வலமும் ஆடித் தைக்கிறது) இருக்குற மெஷின் போதும்.

எழுத்தை அழியிற பேனால வரைஞ்சுக்கோங்க. தண்ணில அழியிற பேனான்னா அலசுறதுக்கு முன்னாடி அயர்ன் பண்ணிடாதீங்க, சூடு பட்டா அந்தக் கோடு போகவே போகாது. துணிக்கு அடியில ஸ்டெபிலைசர் (துணி சுருங்காம தாங்குற பேப்பர் மாதிரி ஷீட்) வெச்சு எம்ப்ராய்டரி ஃப்ரேம்ல இறுக்கமா மாட்டுங்க, தட்டினா மேளம் மாதிரி சத்தம் வரணும். கைத்தையலுக்கு மாட்டுறதுக்கு இது தலைகீழ், துணி மெஷின் மேடையில ஒட்டிக் கிடக்கணும். டவல்னா மேலயும் தண்ணில கரையுற ஷீட் ஒண்ணு போடுங்க, இல்லன்னா தையல் பூந்துணிக்குள்ள முங்கிடும்.

துணியை நகர்த்துற பல்லை இறக்கி விட்டுட்டு ஃபுட்டைக் கழட்டுங்க, இல்ல எம்ப்ராய்டரி ஃபுட் மாட்டுங்க. ஃபுட் இல்லாட்டியும் ஃபுட்டை ஏத்தி இறக்குற லீவரை கீழ இறக்கியே ஆகணும். நான் அதை மறந்துட்டு ஒரு மணி நேரம் அடிநூல் சுத்தின பாபினைத் திட்டிட்டு இருந்தேன், திருப்பிப் பாத்தா அடியில நூல் சிக்கி ஒரே குருவிக்கூடு! லீவர் மேல இருந்தா மேல்நூலுக்கு டென்ஷனே இருக்காது, அதான் காரணம். மேல்நூல் டென்ஷனை கொஞ்சம் லூசா வெச்சா பாபின் நூல் மேல எட்டிப் பாக்காது. 75 நம்பர் எம்ப்ராய்டரி ஊசி, 40 வெயிட் நூல் எனக்கு சரியா வருது.

இப்பதான் முக்கியமான விஷயம். ஊசி இடமும் வலமும்தான் ஆடும், அதனால ஃப்ரேமை மேல கீழ நகர்த்துனா பட்டையான கோடு வரும், பக்கவாட்டுல நகர்த்துனா மெல்லிசு கோடு. அதுனால எழுத்து வளையுதேன்னு ஃப்ரேமை திருப்பாதீங்க, நேராவே பிடிச்சு நகர்த்துங்க, பட்டை நிப் பேனால எழுதுன மாதிரி தடிப்பும் மெல்லிசும் தானா வரும். ஜிக்ஜாக் அகலம் 3 மில்லிமீட்டர்ல ஆரம்பிங்க. மெஷின் ஒரே வேகத்துல ஓடட்டும், கை மட்டும் மெதுவா போகட்டும், கை அவசரப்பட்டா தையலுக்கு நடுவுல துணி பல்லைக் காட்டும்.

'ண'ல வர்ற சுழி மாதிரி இடத்துல அகலத்தைக் குறைச்சிடுங்க, இல்லன்னா ஓட்டை அடைஞ்சு எழுத்தே தெரியாது. ரொம்பக் குட்டி எழுத்துன்னா ஜிக்ஜாக்கே வேணாம், நேர் தையல்ல ரெண்டு தடவை ஓட்டுங்க.

பேரோட முதல் எழுத்துகளைச் சேத்துப் போடுற மூணெழுத்து மோனோகிராம்னா நடு எழுத்தை முதல்ல முடிச்சுட்டு அப்புறம் பக்கத்து ரெண்டுக்கும் போங்க, நடுவுல சரியா உக்காரும். கடைசியில ஸ்டெபிலைசரை கிழிக்கும்போது தையல் மேல விரலை அழுத்திப் பிடிச்சுக்கோங்க, வெடுக்குனு இழுத்தா பாடுபட்டுப் போட்ட எழுத்து கோணிடும்.