எல்லா சுகரும் ஒரே சுகர் இல்லை

"எங்க மாமாவும் சுகர்காரர்தான். வெறும் மாத்திரையிலயே சமாளிக்கிறார். இந்தச் சின்னப் பிள்ளைக்கு எதுக்கு ஊசி?"

டைப் 1 சர்க்கரை நோய் வந்த குழந்தையின் வீட்டில் உறவுக்காரர் யாராவது இப்படிச் சொல்லிவிடுகிறார். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் இதை நம்பி இன்சுலினை நிறுத்தினால், ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

மாமாவுக்கு இருப்பது டைப் 2. அவர் கணையத்தில் இன்சுலின் சுரக்கிறது, உடம்புதான் அதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை. போகப் போகச் சுரப்பும் குறையும். குழந்தைக்கோ உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிட்டது. 1922-ல் இன்சுலின் சிகிச்சைக்கு வரும்வரை இந்தக் குழந்தைகளைக் காப்பாற்ற வழியே இருக்கவில்லை. மிட்டாய் தின்றதால் வந்த நோய் இல்லை இது. அம்மாக்கள் தங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

அறிகுறியைக் கோட்டைவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. படுக்கையில் சிறுநீர் போவதை விட்டுப் பல வருடமான பிள்ளை மறுபடி பாயை நனைக்கிறது. ராத்திரி எழுந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறது. போன மாதம் சரியாக இருந்த நிக்கர் இடுப்பில் நிற்கவில்லை. வெயில், பூச்சித் தொல்லை என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு சேர்ந்துவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வயதை மட்டும் வைத்து வகையை முடிவு செய்யவும் கூடாது. முப்பத்தைந்து வயதிலும் டைப் 1 வரும், எடை கூடிய பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் டைப் 2 வரும். சந்தேகம் இருந்தால் சி-பெப்டைடு (உடம்பு எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டுவது), ஆன்டிபாடி (எதிர்ப்புச் சக்தி இன்சுலின் செல்களைத் தாக்குகிறதா என்று காட்டுவது) பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்புறம், டைப் 2 காரர் இன்சுலின் போட ஆரம்பித்தால் அது டைப் 1 ஆக மாறிவிட்டது என்றோ, கடைசிக் கட்டம் என்றோ அர்த்தமில்லை. அந்தப் பயத்தில் ஊசியைத் தள்ளிப்போட்டுக் கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கர்ப்பகாலச் சர்க்கரை வேறு மாதிரி. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 140-ஐத் (மி.கி./டெ.லி.) தொட்டால் கவனிக்க வேண்டும். பிரசவம் ஆனதும் பெரும்பாலும் இறங்கிவிடும், உடனே எல்லோரும் மறந்தும் விடுவார்கள். ஆனால் அந்தத் தாய்க்குப் பின்னாளில் டைப் 2 வரும் வாய்ப்பு அதிகம். ஆறாவது வாரம் குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிப் போவீர்கள் இல்லையா, அன்றைக்கே அம்மாவும் அந்தக் குளுக்கோஸ் தண்ணீரை இன்னொரு முறை குடித்துப் பார்த்துவிடட்டும்.