கர்ப்பகால சர்க்கரை வந்தவர்களுக்கு: பிரசவத்துக்குப் பின் ஜிடிடி (குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) எடுப்பது எப்படி?

நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் சர்க்கரையை ஏற்றிவிட்டிருந்த ஹார்மோன்களும் அடங்கிவிடும். அதனால்தான் பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாளிலேயே அளவு இறங்கிவிடுகிறது. டிஸ்சார்ஜ் அன்று ‘நார்மல்’ என்று சொன்னதை வைத்து ஃபைலை மூடிவிடக் கூடாது. கர்ப்பத்தில் சர்க்கரை வராத பெண்களைவிட, வந்தவர்களுக்குப் பின்னாளில் டைப் 2 சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு ஏழு முதல் பத்து மடங்கு அதிகம்.

முதல் பரிசோதனையைப் பிரசவமாகி 6 வாரத்தில் செய்துகொள்ளுங்கள். 12 வாரத்தைத் தாண்டவிட வேண்டாம். குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசி போடும் வாரம் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. ஆனால் அதே நாளில் வேண்டாம். ஊசி போட்டு அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு லேபில் இரண்டு மணி நேரம் உட்கார முடியாது.

சீட்டில் ‘75 கிராம் ஜிடிடி’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வெறும் ‘சுகர் டெஸ்ட்’ என்றிருந்தால், வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் எடுத்துவிட்டு, “இட்லி சாப்பிட்டுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க” என்று அனுப்பிவிடுவார்கள். அது வேறு பரிசோதனை. நான்கு இட்லியில் எவ்வளவு மாவுச்சத்து என்பது ஆளுக்கு ஆள், கடைக்குக் கடை மாறும். வெறும் வயிற்று அளவு மட்டும் பார்த்தாலும் போதாது; அது 95 இருந்து, குளுக்கோஸ் குடித்தபின் 160 தாண்டுகிறவர்கள் நம்மில் உண்டு. மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி இந்தச் சமயத்தில் ஏமாற்றும்: பிரசவத்தில் ரத்தம் போயிருக்கும், ரத்தசோகை இருக்கலாம், கர்ப்பகால நாட்களும் அந்தச் சராசரியில் கலந்திருக்கும்.

பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாள் சோறு, இட்லி எல்லாம் வழக்கம்போல் சாப்பிட வேண்டும். பத்தியம் என்றோ, சர்க்கரை பயத்திலோ சோற்றைக் குறைத்தவர்களுக்கு இரண்டு மணி நேர அளவு பொய்யாக ஏறிக் காட்டும். காய்ச்சல் இருந்தால் தள்ளிப் போடுங்கள். ஸ்டீராய்டு மருந்து எடுத்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

முந்தைய இரவு சாப்பிட்டபின் 8 முதல் 10 மணி நேரம் பட்டினி. தண்ணீர் மட்டும் குடிக்கலாம். கர்ப்பத்தின்போது பலருக்கும் சாப்பிட்டிருந்தாலும் குளுக்கோஸ் கொடுத்துப் பார்த்திருப்பார்கள். அந்த நினைப்பில் காபி குடித்துவிட்டு வருகிறவர்களைத் திருப்பித்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

லேபில் முதலில் வெறும் வயிற்று ரத்தம் எடுப்பார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸை சுமார் 300 மில்லி தண்ணீரில் கரைத்து, 5 நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். பாக்கெட் 100 கிராமாக இருந்தால் எடை போட்டு எடுக்கச் சொல்லுங்கள், கண்ணளவு உதவாது. மோனோஹைட்ரேட் என்று அச்சிட்டிருந்தால் 82.5 கிராம் எடுக்க வேண்டும், அதில் நீரும் சேர்ந்திருப்பதால். முதல் மடக்கு குடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து சரியாக 2 மணி நேரத்தில் அடுத்த ரத்தம். இடையில் கடைத்தெருவுக்கு நடந்துவிட்டு வந்தால் அளவு இறங்கிவிடும், உட்கார்ந்தே இருங்கள். குழந்தைக்குத் தாராளமாகப் பால் கொடுக்கலாம். வாந்தி வந்துவிட்டால் அன்றைய கணக்கு செல்லாது, வேறொரு நாள் வர வேண்டும்.

ரத்தம் கைநரம்பிலிருந்து, ஃப்ளூரைடு போட்ட குழாயில் எடுக்கப்பட வேண்டும். சாதாரணக் குழாயில் கிடந்தால் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்று அளவைக் குறைத்துவிடும். விரல்நுனி மீட்டரை வைத்து முடிவு செய்யக் கூடாது.

வெறும் வயிற்றில் 126, அல்லது இரண்டு மணி நேரத்தில் 200 மி.கி. தொட்டால் சர்க்கரை நோய். இரண்டில் ஒன்று மட்டும் எகிறி, அறிகுறியும் இல்லையென்றால் இன்னொரு நாள் உறுதி செய்வார்கள். இரண்டு மணி நேர அளவு 140 முதல் 199 வரை என்றால் சர்க்கரை நோய்க்கு முன்நிலை. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருந்தாலும் அப்படியே. சில லேப் 110இலிருந்து கணக்கிடும். முன்நிலைக்காரர்கள் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். இரண்டுமே நார்மல் என்றாலும் 1 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க.

அடுத்த குழந்தைக்குத் திட்டமிட்டால் கருத்தரிக்கும் முன்பே ஒரு முறை பாருங்கள். குழந்தையின் இதயமும் முதுகெலும்பும் உருவாவது முதல் சில வாரங்களில். அப்போது சர்க்கரை ஏறியிருந்தால் குறைபாடு வரும் ஆபத்து கூடும். எதிர்பாராமல் நாள் தள்ளிப்போனால், முதல் செக்கப்பிலேயே பழைய ரிப்போர்ட்டை நீட்டுங்கள். வழக்கமாகச் சர்க்கரை பார்க்கும் 24ஆம் வாரம் வரை காத்திருக்க வேண்டாம்.