அஜைலும் மரபுவழித் திட்டமுறையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மென்பொருளைச் சிறு சிறு பகுதிகளாக உருவாக்கி, பயனரின் கருத்தைக் கேட்டுத் திருத்திக்கொண்டே போகும் அஜைல் முறையை விளக்க வருபவர்கள் பெரும்பாலும் மரபு முறையான அருவி முறையைக் குறைசொல்லித்தான் தொடங்குகிறார்கள். முதல் தவறும் அங்கேதான் நேர்கிறது. தேவைகள், வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை என்று ஒன்று முடிந்த பின்பே அடுத்தது தொடங்கும் அந்த வரிசைக்கு மூலமாகப் பலரும் காட்டுவது அமெரிக்கக் கணினி அறிவியலாளர் வின்ஸ்டன் ராய்ஸ் 1970-இல் எழுதிய கட்டுரையை. ஆனால் அவ்வரிசையை அப்படியே பின்பற்றுவது ஆபத்தானது, தோல்வியை வரவழைக்கக்கூடியது என்று அதே கட்டுரையில் ராய்ஸே எச்சரித்திருக்கிறார். சோதனை கடைசியில் வருவதால் வடிவமைப்பின் அடிப்படைப் பிழைகளும் கடைசியில்தான் வெளிப்படும், அப்போது வேலையில் பெரும்பகுதியைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும் என்பது அவர் கண்ட சிக்கல். இரு முறைகளையும் ஒப்பிடுபவர் எது வேகமானது என்று கேட்பதைவிட, நம் புரிதல் தவறு என்பது எந்தக் கட்டத்தில் தெரியவரும், தெரிந்தபின் திருத்துவதற்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்பது பயன் தரும்.

அஜைல் என்றால் ஆவணமும் திட்டமும் தேவையில்லை என்று எண்ணுவது இரண்டாவது தவறு. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 பேர் வெளியிட்ட அஜைல் பிரகடனம், விரிவான ஆவணங்களைவிட இயங்கும் மென்பொருளுக்கும், திட்டத்தை அப்படியே பின்பற்றுவதைவிட மாற்றத்திற்கு ஈடுகொடுப்பதற்கும் கூடுதல் மதிப்பளித்தது. ஆவணத்திற்கும் திட்டத்திற்கும்கூட மதிப்பு உண்டு என்று அதே பிரகடனம் வெளிப்படையாகச் சொல்வதைத்தான் பலர் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு மாத ஸ்பிரிண்டுக்கு (ஸ்பிரிண்ட் என்பது வேலையின் ஒரு குறுகிய சுற்று) 8 மணி நேரம் வரை திட்டமிடல், அன்றாடம் 15 நிமிடக் கூட்டம் என்று வரையறுக்கும் ஸ்க்ரம் என்ற அஜைல் வழிமுறையில், திட்டமிடும் வேலை உண்மையில் அடிக்கடி நடக்கிறது.

இவற்றைவிடப் பெரிய சேதம் விளைவிப்பது, ஒப்பந்தத்தைத் தொடாமல் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்வது. என்னென்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், எவ்வளவு பணத்திற்குள் என்ற மூன்றும் கையெழுத்தாகி முடிந்த ஒரு திட்டத்தில், தடிமனான தேவை ஆவணத்தைத் துண்டு துண்டாக வெட்டி பேக்லாக் (செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை) என்று பெயரிட்டு, எந்தத் துண்டு எந்த ஸ்பிரிண்டில் முடியும் என்று ஆண்டு முழுவதற்கும் அட்டவணை போட்டுவிடுகிறார்கள். மூன்றாவது ஸ்பிரிண்டின் டெமோவில் பயனர் ஒருவர், "இந்த அறிக்கையை நாங்கள் யாரும் திறந்தே பார்க்க மாட்டோம், நிலுவையில் உள்ளவற்றின் பட்டியல்தான் வேண்டும்" என்கிறார். அந்தக் கருத்து எங்கே போகும்? அறிக்கை ஒப்பந்தத்தில் இருப்பதால் அதை நீக்க முடியாது. பட்டியல் அதில் இல்லாததால் கூடுதல் கட்டணக் கோரிக்கை எழுப்பியாக வேண்டும். இரண்டு வாரத்திற்கு ஒருமுறை பயனரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் சொல்வதை ஏற்க வழியில்லாமல் செய்வதைவிட, மரபு முறையையே நேர்மையாகப் பின்பற்றுவது மேல் என்பது என் கருத்து. அஜைல்தான் வேண்டுமென்றால், தேதியையும் செலவையும் நிலையாக வைத்துக்கொண்டு, சமமான அளவுள்ள வேலைகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

வேலையைப் பிரிக்கும் விதத்திலும் இதே போலித்தனம் புகுந்துவிடுகிறது. கட்டணம் செலுத்தும் வசதியை உருவாக்கும் குழு, முதல் ஸ்பிரிண்டில் தரவுத்தளம், இரண்டாவதில் சர்வர் பகுதி, மூன்றாவதில் திரை என்று பிரித்தால், மூன்றாவது முடியும்வரை பயனர் தொட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது. மாறாக, ஒரே ஒரு வகை அட்டையில், திருப்பியளிப்போ தள்ளுபடியோ இல்லாமல், தொடக்கம் முதல் ரசீது வரை செல்லும் மெல்லிய இழை ஒன்றை முதலில் முடித்தால், வங்கி இணைப்பில் உள்ள சிக்கல் முதல் ஸ்பிரிண்டிலேயே தெரிந்துவிடும். ஸ்பிரிண்டின் கடைசி இரண்டு நாளில் மொத்த வேலையையும் டெஸ்டிங்கிற்குத் தள்ளிவிட்டு, கண்டுபிடிக்கப்பட்ட பிழைகளை அடுத்த ஸ்பிரிண்டுக்கு ஒத்திவைப்பதும் இவ்வகைதான். அது இரண்டு வாரத்திற்குள் சுருக்கப்பட்ட அருவி முறை. 'முடிந்தது' என்று சொல்வதற்கான வரையறையில் சோதனையும் ஒருங்கிணைப்பும் இடம்பெறாத குழுவின் முன்னேற்றக் கணக்கை நம்ப முடியாது.

ஸ்டோரி பாயிண்ட் விஷயத்தில் மேலாளர்கள் கவனமாக இருக்க வேண்டும். அது ஒரு குழு தன் வேலைகளின் பருமனைத் தனக்குள் ஒப்பிட்டுக்கொள்ள வைத்திருக்கும் அளவு. சென்ற ஸ்பிரிண்டில் 30 பாயிண்ட் எடுத்தீர்கள், இம்முறை 40 வேண்டும் என்று இலக்கு வைத்தால், நேற்று வரை 5 என்று மதிப்பிடப்பட்ட வேலை இன்று 8 ஆகிவிடும், 40-உம் வந்துவிடும், வேலை மட்டும் கூடியிருக்காது. (ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020 பதிப்பில் ஸ்டோரி பாயிண்ட் என்ற பேச்சே இல்லை என்பதை அறிந்தால் பலர் வியப்படைவார்கள்.) அன்றாடக் கூட்டமும் மேலாளரிடம் ஒவ்வொருவராகக் கணக்கு ஒப்பிக்கும் சடங்காகிவிட்டால், தடைகளைச் சொல்லத் தயங்குவார்கள், தடையைச் சொல்லாத கூட்டம் நடந்தும் பயனில்லை.

எல்லாத் திட்டத்திற்கும் அஜைலே சரி என்பதும் தவறுதான். தயாரிப்புக்கு அனுப்பியபின் திருத்த முடியாத சர்க்யூட் போர்டு, விதிகள் தெளிவாக எழுதப்பட்டு மாறாமலிருக்கும், பழைய அமைப்பிலிருந்து புதியதற்குத் தரவைக் கொண்டுசெல்லும் பணி போன்றவற்றில் முன்கூட்டியே முழுமையாகத் திட்டமிடுவது செலவைக் குறைக்கும். அதற்காக, கட்டுப்பாடுகள் மிகுந்த துறை என்றாலே அருவி முறைதான் கட்டாயம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மருத்துவக் கருவி மென்பொருளுக்கான ஐஇசி 62304 என்ற சர்வதேசத் தரநிலை, எந்தெந்தப் பணிகள் நடந்திருக்க வேண்டும், அவற்றுக்கு என்ன சான்று இருக்க வேண்டும் என்று கேட்கிறதே தவிர, குறிப்பிட்ட ஒரு உருவாக்க முறையைக் கட்டாயமாக்கவில்லை. இத்தகைய துறையில் அஜைலைச் சரியாகப் பின்பற்றும் குழுக்கள் இடர் மதிப்பீட்டையும், தேவைக்கும் சோதனைக்கும் இடையிலான தொடர்புப் பதிவையும் ஒவ்வொரு ஸ்பிரிண்டின் 'முடிந்தது' வரையறைக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றன. தணிக்கை நெருங்கும்போது பழைய முடிவுகளை நினைவிலிருந்து எழுதும் நிலை அவற்றுக்கு வருவதில்லை.