ஆயில் ஏறாத பம்ப்

பல மாதம் ஓடாமல் கிடந்த பெரிய டீசல் ஜெனரேட்டர் அது. ஸ்டார்ட் செய்யும் முன் பேரிங்குகளுக்கு ஆயில் ஏற்றும் மின்பம்பைப் போட்டேன். சத்தம் வந்தது, ஆயில் அழுத்தம் காட்டும் கேஜ் முள் மட்டும் அசையவில்லை. ஃபில்டரை மாற்றி, உறிஞ்சும் குழாயின் இணைப்புகளை இறுக்கியதில் ஒரு நாள் வீண். அப்புறம்தான் மோட்டார் விசிறியைக் கவனித்தேன்: தலைகீழாகச் சுற்றுகிறது! போன முறை கழற்றி மாட்டியபோது மூன்று ஃபேஸ் வயர்களில் இரண்டை இடம் மாற்றியிருக்கிறேன். தப்பு என்னுடையதுதான். மெயினை அணைத்துவிட்டு மாற்றிப் போட்டதும் முள் ஏறியது.

பம்ப் ஓடும்போதே, ஸ்டார்ட்டர் இணைப்பைத் துண்டித்துவிட்டு, இன்ஜினின் கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் மெல்ல இரண்டு சுற்று சுற்றினேன். அதோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் தண்டு ஒரே நிலையில் நின்றால் எல்லா இடத்துக்கும் ஆயில் சரியாகப் போய்ச் சேராது. இன்ஜின் மேலே வால்வுகளைத் திறக்கும் ராக்கர் வரை ஆயில் வந்ததைப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்தேன். ஆயில் ஏறாமல் ஸ்டார்ட் செய்தால் வழக்கமாக வரும் அந்தக் கடகட சத்தம் இல்லை.