மொறத்தண்ணி பங்கு பிரிக்கோணுமா? இப்படிப் பண்ணிப் பாருங்க

கீழ்பவானி வாய்க்கால்ல தலைமடைக்காரங்களுக்கும் கடைமடைக்காரங்களுக்கும் சண்டை வர்றது புதுசில்லீங்க, எது நியாயம்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. அமெரிக்காவுல ஜான் ரால்ஸ்னு ஒரு தத்துவப் பேராசிரியர் 1971ல எது நியாயம்னு கண்டுபிடிக்க ஒரு வழி சொன்னாரு, அத நம்ம தண்ணிப் பங்குக்குப் பொருத்திப் பாக்கலாம். விதி எழுதறதுக்கு முன்னாடி உங்க தோட்டம் எந்த மடைல இருக்குது, கெணறு உண்டா, ரெண்டு ஏக்கராவா இருவதா, இல்ல நீங்க கூலிக்குப் போற ஆளான்னு எதுவுமே தெரியாதுன்னு வச்சுக்கோங்க. இப்ப எழுதுங்க பாக்கலாம். கடைமடைல மாட்டிக்கிட்டா என்ன பண்றதுன்னு ஒரு பயம் வரும் பாருங்க, விசயமே அங்கதான் இருக்குது.

எல்லாத்துக்கும் அச்சு அசலா சமமாத்தான் குடுக்கோணும்னு அவரு சொல்லலைங்க. வித்தியாசம் இருக்கலாம், ஆனா ஆகக் கீழ கெடக்கறவனுக்கு அதால நல்லது நடக்கோணும். அதுக்கும் முன்னாடி அடிப்படைச் சுதந்திரம், அதாவது தண்ணி அதிகமா வருதுன்னு கூட்டத்துல ஒருத்தன் வாய அடைக்கப்படாது.

1974ல ராபர்ட் நாசிக்னு இன்னொரு அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் இத எதுத்தாரு. நேர்மையா சம்பாரிச்சு நேர்மையா கைமாறுனத புடுங்கிப் பங்கு வைக்கறது தப்புங்கறாரு. சொந்தக் காசுல போட்ட மோட்டாருக்கு இது சரி, ஆத்துத்தண்ணிக்கு எடுபடாதுங்கறது என்ற கணக்கு. பாலைவனத்துல இருக்கற ஒரே தண்ணிக்குழிய ஒருத்தன் வளைச்சுப்போட்டு இஷ்டத்துக்கு வெலை வைக்க முடியாதுன்னு அவரே சொல்லியிருக்காருங்களே!

எழுதி முடிச்சா கடைமடைக்காரருகிட்ட மொதல்ல படிச்சுக் காட்டுங்க, அவரு தலையாட்டலைன்னா திருப்பி எழுதோணும்.