பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை: வேலைக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் ஏப்ரல், மே வந்துவிட்டால் கூரை வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். ஜூன் மழைக்கு முன்னால் ஒழுகலை அடைக்க வேண்டும். அக்டோபர் மழைக்கு முன்னால் மறுபடியும் ஏற வேண்டும். தக்கலை, திங்கள்சந்தை, கருங்கல் பக்கம் வெல்டிங் படித்த பையன்கள் இந்த இரண்டு சீசனிலும் கூரை ஏறுகிறார்கள். நல்ல வேகமான பிள்ளைகள். ஆனால் ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார் கலந்த ஷீட்டில் கை வைக்கும்போது, நாங்கள் தொழில் படித்த காலத்தில் தெரியாமல் செய்ததையே அச்சு மாறாமல் செய்கிறார்கள். அன்றைக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. இன்றைக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறோம், அதனால் எழுதுகிறேன்.

கிரைண்டர் பிளேடு வைத்து அறுக்கக் கூடாது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

"வெள்ளை ஷீட் ஒன்றும் செய்யாது" என்று நம்புவது

நம் வீட்டு நெளி ஷீட்டில் பெரும்பகுதி சிமென்ட்தான். சுமார் 8 முதல் 10 சதவீதம் கிரைசோடைல் என்கிற வெள்ளைக் கல்நார். நீலக் கல்நார்தான் ஆபத்து, வெள்ளை பரவாயில்லை என்று கடையிலேயே சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைக் கல்நாரையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. ஆஸ்திரேலியா 2003 முடிவிலும் ஐரோப்பிய ஒன்றியம் 2005-லும் முழுவதுமாகத் தடை செய்துவிட்டன. இங்கே இறக்குமதியும் ஷீட் தயாரிப்பும் இன்றும் நடக்கின்றன.

இதன் நார் நீளவாக்கில் பிளந்து பிளந்து கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெலிந்துவிடும். மூச்சில் போனால் நுரையீரலின் அடிவரை இறங்கும்; உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, முழுவதும் வெளியேற்றவும் முடியாது. நுரையீரல் தழும்பேறி இறுகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்று, நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் மீசோதெலியோமா ஆகிய மூன்றும் பெரும்பாலும் 20, 30, 40 வருஷம் கழித்தே தலைகாட்டும். "முப்பது வருஷமா இதுக்குக் கீழதான் கெடக்கோம், ஒண்ணும் ஆவல்ல" என்று சொல்பவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. முழுசாக, அசையாமல் கிடக்கும் ஷீட்டுக்குக் கீழே படுத்திருப்பவருக்கு ஆபத்து குறைவுதான். அதை உரசி, உடைத்து, தூளாக்கும் நம் கைதான் ஆபத்தைக் கிளப்புகிறது.

பாசியைச் சுரண்டுவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு இன்னும் கோபம் அடங்காத விஷயம் இது.

வருஷத்தில் இரண்டு மழை பார்க்கிற ஊர். ரப்பரும் பலாவும் நிழல் போட்ட வீடுகளில் ஷீட் கறுத்து, பச்சைப் பாசி தடிமனாகப் படர்ந்துவிடும். வீட்டுக்காரருக்குக் கூரை சுத்தமாகத் தெரிய வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும். உடனே பையன் கம்பி பிரஷோடு ஏறுகிறான். கொஞ்சம் வசதியான இடம் என்றால் வண்டி கழுவும் பிரஷர் பம்பு வாடகைக்கு வருகிறது.

பல வருஷ மழையில் ஷீட்டின் மேல்முகத்துச் சிமென்ட் அரித்துப் போயிருக்கும். சிமென்ட் போனால் நார் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பாசி அந்தத் தளர்ந்த பரப்பைப் பற்றிக்கொண்டே வளர்கிறது. பிரஷ் போட்டால் பாசியோடு அந்தப் பரப்பும் பெயர்ந்து வரும். நீங்கள் கழுவுவது அழுக்கை அல்ல, ஷீட்டையே. பம்பு வைத்தால் இன்னும் மோசம். சாந்து போன்ற அந்தத் தண்ணீர் சுவரிலும் ஜன்னலிலும் பக்கத்து வீட்டு முற்றத்திலும் தெறிக்கும்.

குலசேகரம் பக்கம் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். இரண்டு நாள் முன்னால்தான் வேறொரு ஆள் பம்பு வைத்து அடித்துவிட்டுப் போயிருக்கிறார். "அண்ணே, பாசியெல்லாம் போயிட்டு, பாருங்க" என்று வீட்டுக்காரர் சந்தோஷமாகக் காட்டினார். நான் கீழே பார்த்தேன். கூரைத் தண்ணீர் விழும் இடம் நெடுக, சாய்ப்பு வரைக்கும், சாம்பல் நிறத்தில் ஒரு கோடு காய்ந்து கிடந்தது. விரல் அகலம்தான். கிட்டக் குனிந்தால் அதில் பஞ்சு மாதிரி மெல்லிய நார்கள் சுருண்டு இருந்தன. அந்த வீட்டு அம்மா வாரியலால் அதைப் பெருக்கி, ஒரு ஓரம் குவித்து, அங்கேயே கொப்பரை காயப் போட்டிருந்தார். தண்ணீர் ஊற்றி நனைத்து, ஈரமாகவே வழித்து எடுத்துப் பையில் கட்டி, கையோடு ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் அளவெடுத்தேன். பலர் கிணற்றுத் தண்ணீரை நினைத்துப் பயப்படுகிறார்கள். குடிக்கும் தண்ணீரைவிட, காய்ந்து காற்றில் ஏறும் இந்தத் தூள்தான் பெரிய ஆபத்து.

பணமும் வீண். தூள் பறக்கும் முகத்தில் அடித்த பெயின்ட் அடுத்த மழைக்கே செதில் செதிலாக உரிந்தது. மெலிந்துபோன ஷீட் போல்ட் துளையில் விரிசல் விட்டு ஒழுகத் தொடங்கியது. கழுவிய கூலி, பெயின்ட், கடைசியில் முழுக் கூரையும் மாற்றிய செலவு என்று அந்தக் குடும்பம் மூன்று தரம் பணம் கொடுத்தது. சுரண்டியவருக்கோ அவர் கூலி கிடைத்துவிட்டது.

பாசி ஒழுகலுக்குக் காரணம் இல்லையென்றால் அப்படியே விட்டுவிடுங்கள். எடுத்தே ஆகவேண்டும் என்றால், பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளிந்த நீரைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கைப்பம்பால் மெதுவாகத் தெளியுங்கள். கிணறு, மழைநீர்த் தொட்டிக்குப் போகும் குழாயை முதலில் கழற்றிவிட வேண்டும். பாசி செத்துத் தானாக உதிரட்டும். கையால் தேய்க்க வேண்டாம். பிறகு பரப்பை இறுக்கும் பிரைமர், அதன்மேல் பெயின்ட். ஷீட் கையால் தொட்டாலே பொடியாகிறது என்றால் பெயின்டைப் பற்றிப் பேசாதீர்கள். மாற்றும் நேரம் வந்துவிட்டது.

உடைத்து இறக்குவது

குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில், ஷீட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கொக்கி மாதிரி வளைந்த ஜே போல்ட் துரு ஏறி நட்டோடு ஒட்டிப்போயிருக்கும். சுத்தியலால் ஷீட்டை அடித்து உடைத்துக் கீழே போடுவதுதான் பழக்கம். ஒரு மணி நேரம் மிச்சம், ஊர் முழுக்கத் தூள். முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரை இருபுறமும் தெளியுங்கள். வெறும் தண்ணீர் சீக்கிரம் வழிந்துவிடும், சோப்புத் தண்ணீர் ஊறும். போல்டின் தலையைக் கையால் அழுத்தும் போல்ட் கட்டர் வைத்து வெட்டுங்கள், கிரைண்டர் வேண்டாம். முகட்டு மூடியில் தொடங்கி, ஏற்றியதற்கு நேர் எதிர் வரிசையில், ஒவ்வொன்றாக இரண்டு பேர் பிடித்து முழுசாக இறக்குங்கள்.

ஷீட்டின் நடுவில் மிதிப்பது

பலகை போடு. புற்றுநோய் வர வருஷம் ஆகும், கீழே விழ ஒரு நொடி போதும்.

காய்ந்த வாரியல், புளோயர்

கூடாது. ஈரத்துணி மட்டும்.

துணி மாஸ்க்

கர்ச்சீப்பும் ஆஸ்பத்திரி மாஸ்க்கும் இந்த நாரைத் தடுக்காது. நுண்தூளைத் தடுக்கும் எஃப்எஃப்பி3 அல்லது பி100 தரக்குறி போட்ட வடிகட்டி மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் இடைவெளி விழும், மாஸ்க் போட்டும் பயனில்லை. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கு நுரையீரல் புற்று அபாயம் பல மடங்கு கூடும். வேலை இடத்தில் புகைப்பதை நான் அனுமதிப்பதில்லை.

வேலைத் துணியோடு வீட்டுக்குப் போவது

கல்நார் ஆலைக்கே போகாத பெண்களுக்கு, கணவனின் வேலைத் துணியை உதறித் துவைத்ததாலேயே மீசோதெலியோமா வந்தது வெளிநாடுகளில் பதிவாகியிருக்கிறது. அந்தத் துணியோடு பிள்ளையைத் தூக்காதீர்கள். வேலை இடத்திலேயே நனைத்துக் கழற்றி, பையில் கட்டி, தனியாக அலசுங்கள்.

துண்டுகளைப் பள்ளத்தில் கொட்டுவது

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது ரப்பர் மரங்கள் கூரைகளின் மேல் விழுந்தன. அப்போது உடைந்த ஷீட்டுகள் பல விளைகளில் (தோட்டங்களில்) வாழைக்கு வரப்பாகவும் வழிப்பள்ளத்தில் நிரப்பாகவும் போயின. வண்டி ஏற ஏற அது மாவாகிறது. துண்டுகளை நனைத்து, தடித்த பிளாஸ்டிக்கில் இரட்டையாகச் சுற்றி, டேப் ஒட்டி, மேலே எழுதி வையுங்கள். பஞ்சாயத்துக் குப்பை வண்டியில் ஏற்றாதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் வழி கேட்டு அபாயக் கழிவாக அனுப்புங்கள்.

டாக்டரிடம் தொழிலைச் சொல்லாமல் இருப்பது

மூச்சு வாங்குகிறது, இருமல் விடவில்லை என்று போனால், இத்தனை வருஷம் ஷீட் வேலை பார்த்தேன் என்பதை முதலில் சொல்லுங்கள்.

மாற்றும்போது மறுபடி அதையே வாங்குவது

"சிமென்ட் ஷீட்" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ்தான் வரும். ஷீட்டின் மேல் ஐஎஸ் 459 என்கிற இந்தியத் தர எண் அச்சிட்டிருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். கல்நார் இல்லாத ஃபைபர் சிமென்ட் ஷீட் தனியாகக் கிடைக்கிறது. பில்லில் அப்படியே எழுதி வாங்குங்கள். கடலோரத்தில் சாதாரணத் தகரம் சீக்கிரம் துருவேறும், அங்கே யுபிவிசி என்கிற கெட்டி பிளாஸ்டிக் ஷீட் தாங்கும். உள்பக்கம் இருப்பவர்கள், கூரையின் பழைய மரச்சட்டம் நன்றாக இருந்தால், ஓடே போடலாம். எடை தாங்குமா என்று ஆசாரியைக் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.